சும்மா சுத்துற கோடு

போன செமஸ்டர் விடுமுறைக்கு முதல் கிழமை எங்களுக்கு ஒரு இரவு முழுக்க வீணாய்ப் போனது. இழந்தது என்ன என்று கேட்டால் நாலு ஜீபி இரவு டேட்டா. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நாங்கள் ஐந்து பேர், லப்டொப் ரெண்டு, டேட்டா எக்கவுண்ட் ஒன்று. அந்த மாதத்தில் மிச்சமிருந்த அந்த நாலு ஜீபியை நம்பித்தான் டிசர்டேஷனுக்குத் தேவையான பழைய சஞ்சிகைகளின் ஸ்கான் பிரதிகளை இறக்கத் திட்டம் போட்டிருந்தோம்.

பழைய இதழ்களின் பிடிஎஃப் சின்னதாக வராது. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். ஒரு வருடத்து இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி என்றால் 200 எம்பியைத் தாண்டும். பிரவுசரில் போட்டால் பாதியில் அறுந்துவிடும். அதனால் விஞ்ஞான பீடத்தில் படிக்கிற அண்ணா ஒருவரிடம் போய் நின்றோம். நல்ல மனிசன். இரண்டு நாளில் பைத்தனில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தந்தார். கறுப்புத் திரையில் ஓடும். கோப்புகளின் முகவரிகளை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். திரையில் தெரிவது ஒரே ஒரு வரி: "இறக்கப்படுகிறது, தயவுசெய்து காத்திருக்கவும்". அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு நிமிர்ந்து, சாய்ந்து, படுத்து, மற்றப் பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

இரவு 12 மணி தாண்டித் தொடங்கினோம். கோடு சுற்றியது. ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தோம், சுற்றியது. படுத்துவிட்டோம். காலை எழும்பிப் பார்த்தால் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் 38 எம்பியில் நின்ற அரைகுறைக் கோப்பு ஒன்று. வேறு ஒன்றுமே இல்லை. எக்கவுண்டில் டேட்டா பூச்சியம்.

பிறகு அண்ணாவோடு இருந்து பார்த்ததில் கதை விளங்கியது. முதல் கோப்பே 210 எம்பி. இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் புரோகிராம் அதே கோப்பை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. 150 எம்பி வந்து அறுந்தால் அந்த 150உம் போச்சு. திரும்பப் பூச்சியம். நாலு ஜீபியும் இப்படியே கரைந்து, டேட்டா முடிந்து, நெட்டே இல்லாமல் போன பிறகும் கோடு சுற்றியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கோட்டுக்கும் இறக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. புரோகிராமின் வேறொரு மூலையில் அது தன்பாட்டில் ஓடுகிறது. பைட் வந்தாலும் சுற்றும், வராவிட்டாலும் சுற்றும்.

"வடிவா இருக்கட்டும் எண்டுதான் போட்டனான். நம்பரெல்லாம் காட்டினா உங்களுக்குக் குழப்பமா இருக்கும் எண்டு நினைச்சன்" என்றார் அண்ணா.

அவருடன் எங்களுக்குக் கோபம் இல்லை. ஓசியில் எழுதித் தந்தவர். ஆனால் அந்த வசனத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. 'உங்களுக்கு' என்றால் ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு. கணக்கு எங்களுக்குக் குழப்பம் என்று முடிவு செய்தது யார்? ரீலோட் போட்ட காசு எத்தனை நாளைக்கு வரும் என்று மனக்கணக்குப் போடாத மாணவர் ஒருவரும் எங்கட பட்ச்சில் இல்லை. இறக்கத்தின் வேகமும் அளவும் கணினிக்காரருக்கான நுணுக்கம் என்று நினைப்பதுதான் பிழை. டேட்டாவை அளந்து வாங்குகிறவருக்கு அது பெற்றோல் பம்ப் மீட்டர் மாதிரி. மீட்டரை மூடிவிட்டு 'அடிச்சுக்கொண்டு இருக்கு, பொறுங்கோ' என்றால் எவராவது பொறுப்பார்களா?

அதற்குப் பிறகுதான் டபிள்யூகெட் என்ற பழைய புரோகிராமைக் கவனித்துப் பார்த்தோம். 1996இல் குரோவேசியரான ஹர்வோயே நிக்‌ஷிச் வெளியிட்டது. எங்களை விட வயது கூடியது. அது காட்டுகிற வரியைத் தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

தொகுதி.பிடிஎஃப்   42%[=======>          ]   88.20எம்பி   312கேபி/செக்   மீதி 6நிமி 40செக்

ஒரே வரிதான். அது கீழே கீழே போகாமல் அதே இடத்தில் மாறிக்கொண்டிருக்கும். எப்படி என்று தேடினால் பதில் டைப்ரைட்டரில் இருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் இருந்து மனு அடித்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வரி முடிய, கைப்பிடியைத் தள்ளி உருளையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். கணினியிலும் அதே பெயரில் ஒரு எழுத்து உண்டு, கரியேஜ் ரிட்டர்ன். அதை அனுப்பினால் கேர்சர் அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் தொடக்கத்துக்குப் போகும். புதிய எண்ணைப் பழைய எண்ணுக்கு மேலேயே எழுதலாம். அவ்வளவுதான் வித்தை. சுற்றுகிற கோடும் இதே வித்தையில்தான் சுற்றுகிறது. உள்ளே உண்மையான எண்ணை வைப்பதா, வெறும் கோட்டை வைப்பதா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அந்த வரியில் எங்களுக்கு அதிகம் பிடித்தது சதவீதம் இல்லை, வேகம். அதை எப்படிக் கணக்கிடுகிறது என்று டபிள்யூகெட்டின் மூலநிரலை அண்ணாவின் உதவியோடு வாசித்தோம். (ஆர்ட்ஸ் பிள்ளைகள் நிரல் வாசிக்கலாம். இடையில் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிற குறிப்புகள் மட்டும் போதும்.) முழு இறக்கத்தின் சராசரியை அது வேகம் என்று காட்டுவதில்லை. கடைசி மூன்று செக்கன் அளவில் வந்த பைட்டுகளை மட்டும் எடுத்து வகுக்கிறது. அதனால் சிக்னல் விழுந்தால் உடனே தெரியும். ஆனால் மீதி நேரத்துக்கு இந்தக் கணக்கைப் பாவிப்பதில்லை. அதற்கு மட்டும் தொடக்கத்திலிருந்தான சராசரி வேகம். ஏன் என்றும் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்: கிட்டத்து வேகத்தை வைத்துப் பார்த்தபோது மீதி நேரம் துள்ளித் துள்ளி நம்பமுடியாததாய் இருந்ததாம். ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு எண்ணுக்கு இரண்டு விதமான கணக்கு. வேகம் என்பது இப்ப என்ன நடக்கிறது என்ற கேள்வி. மீதி நேரம் என்பது எப்ப முடியும் என்ற கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலைக் கொடுத்தால் ஒன்றாவது பொய்யாகிவிடும். மீதி நேரத்தை ஒரு செக்கனுக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றவேண்டாம், அது கண்ணுக்கு முன்னால் மினுங்குவதைத் தவிர ஒரு பயனும் தராது என்று இன்னொரு குறிப்பு.

இன்னொன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. ஐந்து செக்கனுக்கு ஒரு பைட்டும் வரவில்லை என்றால், டபிள்யூகெட் தான் சேர்த்து வைத்திருந்த வேகக் கணக்கைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால் அது பொய் என்பதால். வேகம் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு கோடு: "--.-கேபி/செக்". எண் இல்லை. 'எனக்குத் தெரியாது, ஒன்றும் வரவில்லை' என்று ஒரு புரோகிராம் சொல்வது அது. எங்கட இரவில் அந்த நாலு குறி திரையில் இருந்திருந்தால், ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தபோதே லப்டொப்பை மூடியிருப்போம்.

கேர்ல் என்ற மற்றப் புரோகிராம், சுவீடனின் டானியல் ஸ்டென்பெர்க் வளர்த்தெடுத்தது, இன்னும் வெளிப்படை. ஆனால் பார்வைக்கு வங்கிப் பாஸ்புத்தகம் மாதிரி. மொத்தம், வந்தது, சராசரி வேகம், மொத்த நேரம், செலவான நேரம், மீதி நேரம், கடைசியில் இப்போதைய வேகம் என்று நிரல் நிரலாகப் போகும். இப்போதைய வேகம் என்பது கடைசி ஐந்து செக்கனின் சராசரி. முதல் நாள் பார்த்தபோது தலை சுற்றியது. மூன்றாம் நாள் இரண்டு நிரலை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். சராசரி 300, இப்போதையது 20 என்றால் படுக்கலாம். சராசரி 80, இப்போதையது 400 என்றால் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருக்கலாம்.

சதவீதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேர்வர் கோப்பின் மொத்த அளவை முதலிலேயே சொன்னால்தான் சதவீதம் உண்டு. சில சேர்வர்கள் சொல்வதில்லை. அப்போது டபிள்யூகெட் சதவீதத்தை விட்டுவிட்டு பட்டைக்குள் ஒரு சின்ன உருவத்தை அங்குமிங்கும் நகர்த்தும். ஆனால் வந்த அளவும் வேகமும் பக்கத்தில் நிற்கும். கற்பனையாய் ஒரு சதவீதத்தை இட்டுக்கட்டாது.

இட்டுக்கட்டுவதும் ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. 1985இல் பிராட் மயர்ஸ் என்ற ஆய்வாளர், எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை இருந்தால் பாவிப்பவர்கள் அதையே விரும்புகிறார்கள் என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நியாயமான விசயம். 2007இல் கிறிஸ் ஹரிசனும் அவரோடு சேர்ந்தவர்களும் அடுத்த படிக்குப் போனார்கள். ஒரே அளவு நேரம் எடுத்தாலும், கடைசியில் வேகமாக ஓடி முடிகிற பட்டை ஆட்களுக்குக் குறைந்த நேரமாகத் தெரிகிறது என்றார்கள். 2010இல் இன்னொன்று: பட்டையில் அலை மாதிரிக் கோடுகளைப் பின்பக்கமாக ஓடவிட்டால் காத்திருந்த நேரம் 11 சதவீதம் குறைந்ததாய்த் தோன்றுமாம். இவை நல்ல ஆய்வுகள். ஆனால் இவற்றில் காத்திருத்தல் என்பது ஒரு அலுப்பு மட்டும்தான். அலுப்பைக் குறைத்தால் போதும். எங்கட காத்திருத்தலில் அலுப்பு கடைசிப் பிரச்சினை. நேரம் குறைவாய்த் தோன்றி எங்களுக்கு என்ன லாபம்? விடிய எட்டு மணிக்கு இரவு டேட்டா முடியும் என்பது தோற்றம் இல்லையே.

அலங்காரத்துக்குச் செலவும் உண்டு. 2016இல் ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பாவிக்கிற என்பிஎம் என்ற கருவியில் இது வெளிப்பட்டது. முன்னேற்றப் பட்டையை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் நிறுவல் கணிசமாக வேகமாக முடிந்தது. பட்டையைத் திரும்பத் திரும்பக் கீறுவதிலேயே நேரம் போயிருக்கிறது. வேலையைக் காட்டுவதற்காக வேலையைத் தாமதப்படுத்துவது! எங்கட கம்பஸ் கூட்டங்கள் சிலது ஞாபகம் வந்தது, அதை விடுவம்.

வேகத்தைப் பற்றி ஒரு சண்டையும் நடந்தது. பக்கேஜ் விளம்பரத்தில் 10 எம்பிபிஎஸ் என்று கிடக்கிறது, திரையில் 1.2க்கு மேல் ஏறவே இல்லை, ஏமாத்துறாங்கள் என்று எங்களில் ஒருத்தி கொம்பனிக்குப் போன் எடுக்கப் போய்விட்டாள். விளம்பரம் எண்ணுவது பிட்டில். இறக்குகிற புரோகிராம்கள் எண்ணுவது பைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 10ஐ எட்டால் பிரித்தால் 1.25. அவளுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட முழு வேகம். இரண்டையும் தமிழில் நாங்கள் 'எம்பி' என்றே சொல்கிறோம், எழுதுகிறோம். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று ஒரு வித்தியாசமாவது இருக்கிறது. தமிழில் புரோகிராம் எழுதுபவர்கள் பிட், பைட் என்று விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? டபிள்யூகெட்டில் வேகத்தை பிட்டிலேயே காட்டு என்று கேட்கவும் வழி இருக்கிறது. விளம்பரத்தோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் அதைப் பாவிக்கலாம்.

இவ்வளவும் கண் தெரிகிறவர்களின் கதை. எங்கட ஐந்து பேரில் ஒருவனுக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடு வேலை செய்கிறான். விண்டோஸின் சாதாரணப் பட்டைகளுக்கு என்விடிஏ பீப் ஒலி கொடுக்கும். பட்டை நீள நீளச் சுருதி ஏறும். ஆனால் கறுப்புத் திரையில் இருப்பது பட்டை இல்லை, வெறும் எழுத்து. மாறுகிற ஒவ்வொரு முறையும் அதை வாசிக்கப் போய் அவன் காதில் "சமன் சமன் சமன்" என்று கொட்டும். அண்ணாவின் சுற்றுகிற கோட்டைப் பற்றி அவன் சொன்னது: "மச்சான், உங்களுக்கு அது பொய் மட்டும் சொன்னது. எனக்குப் பொய்யும் சொல்லித் தலையிடியும் தந்தது."

அவனுக்கு உதவியது டபிள்யூகெட்டின் மிகப் பழைய பாணி, புள்ளி. பட்டை வேண்டாம், புள்ளி போடு என்று கேட்டால் வந்த அளவுக்கு ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போகும். சாதாரணமாக ஒரு புள்ளி ஒரு கேபி, வரிக்கு 50 புள்ளி. 210 எம்பிக்கு அது ஆயிரக்கணக்கான வரி, சரிவராது. பெரிய கோப்புகளுக்கு 'கிகா' என்ற அளவு இருக்கிறது. ஒரு புள்ளி ஒரு எம்பி, வரிக்கு 32. எங்கட தொகுதி ஏழு வரியில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சதவீதமும் வேகமும் இருக்கும். எழுதின வரி திரும்ப மாறாது, அவன் ஆறுதலாய்ப் பின்னுக்குப் போயும் வாசிக்கலாம். வெளியீட்டைத் திரைக்கு விடாமல் ஒரு கோப்புக்குத் திருப்பினால் டபிள்யூகெட் கேளாமலேயே இந்தப் பாணிக்கு மாறும். கூகிளின் கிளவுட் கட்டளைக் கருவியிலும் திரைவாசிப்பான் பாவிப்பவர்களுக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் பட்டைக்குப் பதில் எளிய எழுத்தில் நிலவரம் வரும். ஆக, இது முடியாத காரியம் இல்லை. நினைக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றுமே காட்டாமல் இருப்பது எப்போதும் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொரு புரோகிராம் வாசிக்கப்போகிறது என்றால் இடையில் பட்டை எதற்கு? கேர்லிலும் டபிள்யூகெட்டிலும் வாயை மூடு என்று சொல்ல ஒரு எழுத்துப் போதும். ஆனால் அதைச் சொல்வது பாவிக்கிறவர். எழுதுகிறவர் தானாக முடிவெடுத்து எண்களை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோட்டைச் சுற்றவிடுவது வேறு. மௌனமாவது பொய் சொல்லாது.

அண்ணா புரோகிராமைத் திருத்தித் தந்துவிட்டார். முக்கியமான திருத்தம் காட்சியில் இல்லை. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 'இத்தனை பைட் என்னிடம் இருக்கு, அதற்கு அடுத்ததைத் தா' என்று சேர்வரிடம் கேட்கிறது. சேர்வர் 206 என்று பதில் சொன்னால் மிச்சம் மட்டும் வரும். 200 என்றால் முழுக்கோப்பும் தொடக்கத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம், அப்போது நிறுத்திவிட்டு எங்களிடம் கேட்கும். டபிள்யூகெட் இதைக்கூட வரியிலேயே காட்டும் என்பதைப் பிறகுதான் கண்டோம்: முதலே இருந்த பகுதிக்குக் கூட்டல் குறி, புதிதாய் வருவதற்குச் சமன் குறி. ஏற்கெனவே காசு கொடுத்தது எது, இப்போது கொடுப்பது எது என்று ஒரு பார்வையில் தெரியும்.

சுற்றுகிற கோட்டின் இடத்தில் இப்போது டிகியூடிஎம் என்ற பைத்தன் துணைக்கருவி. முன்னேற்றம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயராம். கேட்டால் ஸ்பானிய மொழியில் 'உன்னை அளவுக்கு மிஞ்சிக் காதலிக்கிறேன்' என்பதன் சுருக்கமும் அதுதான் என்கிறார்கள். எங்கட குழுவில் ஒருவர் அதை வொட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் போட்டுவிட்டார். வந்த அளவு, வேகம், மீதி நேரம். கூடவே நாங்கள் கேட்டு வாங்கிய ஒன்று: இன்றைய இரவில் எல்லாக் கோப்புக்குமாகச் செலவான மொத்த எம்பி.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை, தமிழ்ப் பெயர். விக்கிமூலத்துக்காக விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றியிருக்கிற தமிழ் நூல்களின் கோப்புப் பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன. நல்லது. ஆனால் முகவரியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். 'நூலகம்' என்ற ஒரு சொல் 54 எழுத்து. டபிள்யூகெட் அதைச் சேமிக்கும்போது பெயரில் பாதி தமிழாகவும் பாதி சதவீதக் குறிகளாகவும் வருகிறது. கட்டுப்பாட்டு எழுத்துகளை மாற்றாதே என்று தனியாகச் சொன்னால்தான் பெயர் பெயராக இருக்கும். எங்கட புரோகிராமில் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு தமிழ்ப் பெயர் திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் புரோகிராமும் டேர்மினலும் ஒத்துப்போவதில்லை. கணக்குப் பிழைத்து வரி திரையின் அகலத்தைத் தாண்டினால், கரியேஜ் ரிட்டர்ன் மடிந்த வரியின் தொடக்கத்துக்குத்தான் போகும். ஒரே வரி அருவி மாதிரிக் கீழே கொட்டத் தொடங்கும்.

அதனால் இப்போதைக்குப் பெயரை விட்டுவிட்டுத் தொகுதி எண்ணை மட்டும் காட்டுகிறோம். முந்தாநாள் இரவு 12.20க்குத் தொடங்கினோம். இரண்டு மணிபோல வேகம் 40 கேபிக்கு இறங்கியது, பத்து நிமிசம் பார்த்தும் ஏறவில்லை. நிறுத்திவிட்டுப் படுத்தோம். மூன்று தொகுதி முழுசாக, நாலாவது 71 சதவீதம், செலவு 780 எம்பி.